வீட்டுக் குழாய், வால்வு, தண்ணீர் அழுத்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரின் யீஷூனில் எங்கள் புளோக்கில் மின்தூக்கிக்குக் காத்திருக்கும் இரண்டு நிமிடத்தில்கூட யாராவது குழாயைப் பற்றிக் கேட்டுவிடுவார்கள். கட்டடப் பராமரிப்பு வேலையில் பல வருடம் இருந்தவன் என்பது அவர்களுக்குத் தெரியும். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான், அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடுகிறேன். வீவக வீட்டை, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீட்டை, மனத்தில் வைத்து எழுதியது. கூட்டுரிமை வீட்டுக்கும் (காண்டோ) தரை வீட்டுக்கும் (அடுக்குமாடியில் இல்லாத வீடு) மாறுகிற இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டு மெயின் வால்வு எங்கே இருக்கும்?

பெரும்பாலான வீவக வீடுகளில் வாசலுக்கு வெளியே, நடைபாதைச் சுவரில் ஒரு அலமாரி இருக்கும். அதைத் திறந்தால் தண்ணீர் மீட்டர் தெரியும், அதை ஒட்டி ஒரு வால்வு. அதுதான் உங்கள் மெயின் வால்வு. பக்கத்து வீட்டு மீட்டரும் அதே அலமாரியில் இருக்கலாம், அதனால் வீட்டு எண்ணைப் பார்த்துவிட்டுத் தொடுங்கள். எண் அழிந்துபோயிருந்தால் வீட்டுக்குள் ஒரு குழாயைத் திறந்துவிட்டு வெளியே வந்து பாருங்கள், எந்த மீட்டரில் சின்னச் சக்கரம் சுற்றுகிறதோ அது உங்களுடையது. சக்கரம் இல்லாத மீட்டர் என்றால் கடைசி எண்கள் நகர்வதைக் கவனியுங்கள்.

இதை முதல் கேள்வியாக வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. ஒரு தீபாவளிக்கு முந்திய இரவு, ஒன்பதாவது மாடியில் இருக்கும் அக்கா வீட்டில் வாஷ் பேசினுக்குக் கீழே இருந்த வளையும் குழாய் வெடித்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது கூடத்தில் கணுக்கால் நனைகிற அளவுக்குத் தண்ணீர், முறுக்கு மாவு டப்பா ஒன்று மிதக்கிறது, அக்கா வீட்டிலிருந்த அத்தனை துண்டையும் போட்டு அணை கட்டிக்கொண்டிருக்கிறார். வெளியே போய் வால்வை மூட எனக்கு ஆனது பத்து விநாடி. அந்த வீட்டில் நாலு பெரியவர்கள் இருந்தார்கள், பதினெட்டு வருடமாகக் குடியிருக்கிறார்கள், வால்வு எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. உதவிக்கு வரும் பணிப்பெண் உட்பட வீட்டில் இருக்கிற எல்லாருக்கும் இன்றைக்கே அந்த அலமாரியைத் திறந்து காட்டிவிடுங்கள். அதன்முன் சைக்கிளும் பூந்தொட்டியும் அடுக்கி வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

மேல் மாடி வீட்டில் தண்ணீர் மெதுவாக வருகிறது, கீழே இருப்பவர்களுக்கு வேகமாக வருகிறது. ஏன்?

உயரம்தான் காரணம். தண்ணீர் வழங்கும் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் பெருங்குழாயிலிருந்து கீழ்த்தளங்களுக்கு அந்தக் குழாயின் அழுத்தத்திலேயே நேரடியாகத் தண்ணீர் ஏறிவிடும். அதற்கு மேல் உள்ள மாடிகளுக்கு அந்த அழுத்தம் போதாது. அதனால் கீழே ஒரு தொட்டியில் பிடித்து, பம்பு வைத்து மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றுகிறார்கள், அங்கிருந்து தன் எடையால் தானாக இறங்கி வருகிறது. ஆக, ஒரே புளோக்கில் இரண்டு விதமான தண்ணீர் ஓடுகிறது. மின்சாரம் போய்ப் பம்பு நின்றால் கீழ் வீடுகளுக்குத் தண்ணீர் தொடர்ந்து வரும், மேல் வீடுகளுக்குத் தொட்டியில் இருப்பது தீரும்வரைதான்.

ஒரு கணக்கு சொல்கிறேன், இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரியும். 10 மீட்டர் உயரத்துத் தண்ணீர் தருவது ஏறக்குறைய 1 பார் அழுத்தம், பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு. பிளம்பர்கள் சிலர் பிஎஸ்ஐ என்ற இன்னொரு அலகில் பேசுவார்கள், 1 பார் என்பது 14.5 பிஎஸ்ஐ. இப்போது 12 மாடி புளோக் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மேல்மாடி ஷவருக்கும் தொட்டியின் நீர்மட்டத்துக்கும் நடுவே 4 மீட்டர்தான் என்றால் கிடைப்பது 0.4 பார், அதாவது தலை நனையும், சோப்பு போகாது. ஒரு மாடிக்கு 2.8 மீட்டர் வைத்தால் நாலு மாடி கீழே அதே ஷவருக்கு 1.5 பார் கிடைத்துவிடும். அதனால்தான் உச்சியில் இருக்கும் சில மாடிகளுக்கு மட்டும் தனியாக, அழுத்தத்தைக் கூட்டும் ஒரு பூஸ்டர் பம்பு வைப்பார்கள். நீங்கள் அந்த மாடிகளில் இருந்து, காலையில் திடீரென்று ஷவர் செத்துப்போனால், உங்கள் வீட்டில் எதையும் கழற்றாதீர்கள். பக்கத்து வீட்டில் கேளுங்கள். அவர்களுக்கும் அப்படித்தான் என்றால் பூஸ்டர் பம்பு நின்றிருக்கலாம், புளோக்கைப் பராமரிக்கும் நகர மன்றத்துக்குச் சொல்ல வேண்டியதுதான்.

அப்படியென்றால் 40, 50 மாடிக் கட்டடத்தில் கீழே இருப்பவர் குழாய் வெடித்துவிடாதா?

நல்ல கேள்வி. டக்ஸ்டனில் 2009-இல் கட்டி முடித்த பினக்கிள் என்ற வீவக குடியிருப்பு 50 மாடி. உச்சியிலிருந்து ஒரே குழாயாகக் கீழ்வரை விட்டால் அடியில் 13, 14 பார் நிற்கும், எந்த வீட்டுக் குழாயும் அதற்குச் செய்ததல்ல. அதனால் உயரமான கட்டடங்களில் மாடிகளைப் பகுதி பகுதியாகப் பிரிப்பார்கள். நடுவில் இன்னொரு தொட்டி வைக்கலாம், இல்லையென்றால் குழாயிலேயே அழுத்தம் குறைக்கும் வால்வு வைக்கலாம். பிளம்பர்கள் அதைப் பிஆர்வி என்பார்கள்.

அந்தப் பிஆர்வி எப்படி வேலை செய்கிறது?

உள்ளே ஒரு ஸ்பிரிங், அதன்கீழ் வட்டமாக ஒரு ரப்பர் தகடு, தகட்டோடு சேர்ந்து மேலும் கீழும் போகிற ஒரு அடைப்பு. ஸ்பிரிங் வழியைத் திறந்து வைக்கப் பார்க்கிறது. தண்ணீர் வெளியே போகும் பக்கத்து அழுத்தம் தகட்டை எதிர்த்துத் தள்ளி வழியை மூடப் பார்க்கிறது. நீங்கள் குழாயைத் திறந்தால் வெளிப்பக்கம் அழுத்தம் இறங்கும், ஸ்பிரிங் ஜெயிக்கும், வழி திறக்கும். மூடினால் அழுத்தம் ஏறும், தகடு ஜெயிக்கும், வழி மூடும். மின்சாரம் கிடையாது, எந்த நேரமும் தானாக இந்த இழுபறி நடந்துகொண்டே இருக்கும், நான் இன்றைக்கும் ஒன்றைக் கழற்றினால் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன்.

தலையில் உள்ள திருகை வலப்பக்கம் திருகினால் ஸ்பிரிங் இறுகும், அழுத்தம் கூடும். இடப்பக்கம் திருகினால் குறையும். வீட்டுக்கு 2 முதல் 3 பார் வைத்தால் நன்றாக இருக்கும். திருகும்போது கால் சுற்றுக்கு மேல் ஒரேயடியாகப் போகாதீர்கள், ஒரு குழாயைத் திறந்து மூடி, அழுத்தமானியில் முள் நிற்பதைப் பார்த்துவிட்டு அடுத்த கால் சுற்று. உடம்பில் ஒரு அம்புக்குறி இருக்கும், தண்ணீர் போகும் திசை அது. ஒரு தரை வீட்டில் அதைத் தலைகீழாக மாட்டிவிட்டு, பிஆர்வி கெட்டுவிட்டது என்று புதியது வாங்க வைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

பிஆர்வி வைத்தால் குறைந்த அழுத்தம் கூடுமா?

கூடாது. அது குறைக்க மட்டும்தான் செய்யும். உள்ளே வருவது 1 பார் என்றால் எவ்வளவு திருகினாலும் 1 பார்தான்.

என் வீட்டுக்குப் பிஆர்வி வேண்டுமா?

வீவக வீட்டில் பொதுவாக நீங்கள் வாங்க வேண்டியதில்லை, தேவையான இடத்தில் கட்டடத்தின் குழாயிலேயே இருக்கும். கூட்டுரிமை வீட்டிலும் அப்படித்தான், கேட்க வேண்டியது நிர்வாகத்திடம். தரை வீட்டில் சந்தேகம் இருந்தால் வாஷிங் மெஷின் குழாயில் திருகுகிற அழுத்தமானி ஒன்று ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும், அதிக விலை இல்லை. எல்லாக் குழாயையும் மூடிவிட்டுப் பாருங்கள். 5 பாருக்கு மேல் காட்டினால் வளையும் குழாய்களும் ஹீட்டரும் சீக்கிரம் தேய்ந்துபோகும், அப்போது யோசிக்கலாம்.

பிஆர்வி இருக்கிற வீட்டில் இதையும் செய்து பாருங்கள். இரவு படுக்கும்போது அழுத்தமானி 3 காட்டி, விடிகாலையில் 5 காட்டுகிறது என்றால், வால்வின் உட்காரும் இடத்தில் மணலோ துருவோ சிக்கி முழுசாக மூடவில்லை, தண்ணீர் மெல்ல மெல்லக் கசிந்து ஏறுகிறது. இது பகலில் தெரியவே தெரியாது, ஏனென்றால் யாராவது ஒரு குழாயைத் திறந்துகொண்டே இருப்பார்கள். வளையும் குழாய்கள் நள்ளிரவில் வெடிப்பதற்கு இது ஒரு காரணம். உள்ளே உள்ள வடிகட்டியைக் கழுவி, ரப்பரை மாற்றினால் பல நேரம் சரியாகிவிடும்.

அழுத்தமும் ஓட்டமும் ஒன்றுதானே?

இல்லை! இந்தக் குழப்பத்தால்தான் ஜனங்கள் தேவையில்லாத சாமான் வாங்குகிறார்கள். அழுத்தம் என்பது குழாய் மூடியிருக்கும்போதும் உள்ளே நின்று தள்ளுகிற பலம். ஓட்டம் என்பது திறந்தபின் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வருகிறது என்பது. பழைய துருப்பிடித்த இரும்புக் குழாயில் வழி விரல் நுழையாத அளவுக்குச் சுருங்கியிருக்கும், ஆனாலும் எல்லாம் மூடியிருக்கும்போது அழுத்தமானி 3 பார் காட்டும். திறந்த நொடியில் முள் விழுந்துவிடும். அங்கே அழுத்தம் குறைவில்லை, வழி குறைவு.

ஓட்டத்தை அளக்க 10 லிட்டர் வாளியும் கைத்தொலைபேசியும் போதும். சமையலறைக் குழாயை முழுசாகத் திறந்து வாளி நிறைய எவ்வளவு நேரம் என்று பாருங்கள். 100 விநாடி என்றால் நிமிடத்துக்கு 6 லிட்டர். அதை ஒரு தாளில் எழுதி மீட்டர் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள், அடுத்த வருடம் ஒப்பிட்டுப் பார்க்க.

புதுக் குழாய் மாற்றினேன், பழையதைவிட மெதுவாக வருகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

ஏமாற்றவில்லை. சிங்கப்பூரில் 2009 முதல் குழாய்களுக்குத் தண்ணீர்ச் சிக்கன முத்திரை கட்டாயம். முத்திரையில் டிக் குறிகள் இருக்கும், கூடக்கூடச் சிக்கனம். பேசின் குழாயில் இரண்டு டிக் என்றால் நிமிடத்துக்கு 2 முதல் 4 லிட்டருக்குள், மூன்று டிக் என்றால் 2 லிட்டரோ அதற்கும் குறைவோ. ஷவருக்கு மூன்று டிக் என்றால் 5 லிட்டர் வரை. உங்கள் பழைய குழாய் இதைவிட அதிகம் கொட்டியிருக்கும். முனையில் இருக்கும் சல்லடையைப் பிடுங்கி எறிய ஆசை வரும், வேண்டாம். தண்ணீர் விலை, 40 கன மீட்டருக்குள், 2025 ஏப்ரல் முதல் கன மீட்டருக்கு 3 வெள்ளி 24 காசு. கை கழுவ அந்த 4 லிட்டர் தாராளம்.

வால்வில் எத்தனை வகை? எனக்கு எது தெரிந்திருக்க வேண்டும்?

அடையாளம் தெரிய வேண்டியவை இரண்டு. ஒன்று, நீளக் கைப்பிடி உள்ள பால் வால்வு. உள்ளே நடுவில் துளையிட்ட ஒரு குண்டு. கைப்பிடி குழாய் போகிற திசையிலேயே நீண்டிருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. கால் திருப்பு, அவ்வளவுதான். இன்னொன்று, வட்டச் சக்கரம் உள்ள கேட் வால்வு. உள்ளே ஒரு தகடு மேலும் கீழும் ஏறி இறங்கும், பல சுற்றுத் திருக வேண்டும், பழைய வீடுகளில் இதுதான் அதிகம். பத்து வருடம் தொடாமல் விட்டால் தகடு உப்பும் துருவும் பிடித்து ஒட்டிக்கொள்ளும். அவசரத்தில் ஸ்பேனர் போட்டுத் திருகினால் தண்டு மட்டும் கையோடு வந்துவிடும், தகடு அங்கேயே நிற்கும். என் சொந்த வீட்டிலேயே எனக்கு இது நடந்தது. புதுப்பிப்பு வேலை செய்த குத்தகையாளர் குளியலறை வால்வைப் பேசின் அலமாரிப் பலகைக்குப் பின்னால் மறைத்துவிட்டார், எட்டு வருடம் கழித்துப் பலகையை அறுத்துத் திறந்து திருகினால் தண்டு மொளுக்கென்று ஒடிந்தது. அன்றிலிருந்து யார் வீடு புதுப்பித்தாலும் நான் சொல்வது ஒன்றுதான்: வால்வுக்கு முன்னால் கை நுழைகிற கதவு வையுங்கள்.

பேசினுக்கும் கழிவறைத் தொட்டிக்கும் கீழே இருக்கும் சின்னது ஆங்கிள் வால்வு. அந்த ஒரு இடத்தை மட்டும் மூட அது போதும், மெயின் வரைக்கும் ஓட வேண்டாம்.

வேகம் அதிகமாக இருக்கிறது என்று மெயின் வால்வைப் பாதி மூடி வைத்திருக்கிறேன். சரிதானே?

சரியில்லை. நீங்கள் குறைப்பது ஓட்டத்தை, அழுத்தத்தை அல்ல. எல்லாக் குழாயும் மூடியிருக்கும் இரவில் பாதி மூடிய வால்வுக்கு இரு பக்கமும் ஒரே அழுத்தம்தான் நிற்கும், உங்கள் வளையும் குழாய்க்கு ஒரு பாதுகாப்பும் இல்லை. போதாததற்குக் கேட் வால்வின் தகடு பாதியில் நின்றால் தண்ணீர் அதன் விளிம்பை அரித்துக்கொண்டே இருக்கும், சில வருடத்தில் முழுசாக மூடவே மூடாது. மெயின் வால்வு ஒன்று முழுசாகத் திறந்திருக்கட்டும், இல்லை முழுசாக மூடியிருக்கட்டும். கேட் வால்வை முழுசாகத் திறந்தபின் கால் சுற்றுப் பின்னால் விடுங்கள், ஒட்டிக்கொள்ளாது. ஒரு இடத்தில் மட்டும் வேகம் குறைய வேண்டும் என்றால் அங்கே உள்ள ஆங்கிள் வால்வைக் கொஞ்சம் மூடலாம்.

வீடு முழுக்கத் தண்ணீர் குறைவு என்று என்னைக் கூப்பிட்ட இடங்களில் நான் முதலில் பார்ப்பதும் இதைத்தான். யாரோ எப்போதோ வேலை செய்துவிட்டு மெயினை அரைகுறையாகத் திறந்துவிட்டுப் போயிருப்பார்கள்.

வாஷிங் மெஷின் ஓடும்போது சுவருக்குள் 'டம் டம்' என்று இடிக்கிறதே?

ஓடுகிற தண்ணீரைத் திடீரென்று நிறுத்தினால் அந்த வேகம் எங்கே போகும்? குழாயை இடிக்கும். மெஷினுக்குள் இருக்கும் மின் வால்வு கண் இமைக்கும் நேரத்தில் மூடுகிறது, நம் கை அவ்வளவு வேகமாக மூடாது. ரஷ்யாவின் ஜுகோவ்ஸ்கி 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மாஸ்கோ நகரத் தண்ணீர்க் குழாய்களில் சோதனை செய்து இதற்கு ஒரு கணக்குப் போட்டார். அதன்படி விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் போகும் தண்ணீரை நொடியில் நிறுத்தினால், உலோகக் குழாயில் 12, 13 பார் அளவுக்கு அழுத்தம் எகிறும். ஒரு கணம்தான், ஆனால் ஒவ்வொரு துவைப்புக்கும் பலமுறை.

முதலில் மெஷினின் ஆங்கிள் வால்வைக் கொஞ்சம் மூடி ஓட்டத்தைக் குறைத்துப் பாருங்கள், பல வீட்டில் இதோடு சத்தம் நின்றுவிடும். குழாய் சுவரில் ஆடுகிறதா என்று தொட்டுப் பாருங்கள், ஆடினால் கிளிப் போட்டு இறுக்க வேண்டும். அப்புறமும் இடித்தால் மெஷினுக்கு அருகே அதிர்வு தாங்கி ஒன்று மாட்டலாம். சின்ன உருளை, உள்ளே அடைத்த காற்று, அந்தக் காற்று அமுங்கி அடியை வாங்கிக்கொள்ளும்.

தொட்டி ஹீட்டரின் வால்விலிருந்து சொட்டுகிறது. அடைத்துவிடலாமா?

அடைக்கவே அடைக்காதீர்கள். இதைப் படிக்கிறவர்களில் ஒருவர் இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்தாலும் போதும்.

தண்ணீர் சூடானால் விரியும். 25 லிட்டர் தொட்டியில் 28 டிகிரித் தண்ணீரை 70 டிகிரிக்குக் கொண்டுபோனால் ஏறக்குறைய அரை லிட்டர் கூடும். குளிர்ந்த தண்ணீர் வரும் வழியில் திரும்பிப் போகவிடாத வால்வு இருக்கிறது, ஷவர் மூடியிருக்கிறது, அந்த அரை லிட்டர் எங்கே போகும்? பாதுகாப்பு வால்வு வழியாகச் சொட்டி வெளியேறுகிறது. அது தன் வேலையைச் செய்கிறது. அந்தச் சொட்டு சுவரைக் கெடுக்கிறது என்று ஒருவர் மர ஆப்பு அடித்து வைத்திருந்ததைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது. வழியில்லாமல் சூடேறும் தொட்டி வெடிக்கும். சொட்டுக்கு ஒரு சின்னக் குழாய் மாட்டித் தரை வடிகாலுக்கு இறக்கிவிடுங்கள். ஹீட்டர் அணைந்து குளிர்ந்த பின்னும் நிற்காமல் சொட்டினால் வால்வு தேய்ந்திருக்கலாம், அல்லது வீட்டு அழுத்தம் அதிகமாக இருக்கலாம், ஆளைக் கூப்பிடுங்கள்.

வீட்டுக்குள் நானே ஒரு பம்பு மாட்டிக்கொள்ளலாமா?

பொதுப் பயனீட்டுக் கழகத்தின் ஒப்புதல் இல்லாமல் பொதுக் குழாயோடு நேரடியாகப் பம்பு மாட்டி இழுக்கக் கூடாது. இழுக்கும்போது பக்கத்து வீட்டு அழுத்தம் விழும், எங்காவது விரிசல் இருந்தால் அழுக்கும் உள்ளே உறிஞ்சப்படும்.

எதை நானே செய்யலாம், எதற்கு உரிமம் பெற்ற பிளம்பர் வேண்டும்?

திறந்து மூடும் குழாயை மாற்றுவது, வளையும் குழாய் மாற்றுவது, கழிவறைத் தொட்டியின் உள்சாமான் மாற்றுவது போன்ற சின்ன வேலைகளை நீங்களே செய்யலாம். குழாய்ப் பாதையை மாற்றுவது, தொட்டி ஹீட்டர் பொருத்துவது இவற்றுக்கு உரிமம் பெற்ற பிளம்பர்தான், பட்டியல் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் இணையத்தளத்தில் இருக்கிறது. மீட்டருக்குப் பிறகு வீட்டுக்குள் வரும் குழாய் உங்கள் பொறுப்பு, மாடிகளுக்கு ஏறும் பொதுக் குழாய் நகர மன்றத்தின் பொறுப்பு.

தொட்டி கழுவிய நாளில் பழுப்பாக வருகிறது, 'புஸ் புஸ்' என்று காற்றும் வருகிறது.

ஷவரையும் ஹீட்டரையும் தொடாதீர்கள். சல்லடை இல்லாத ஒரு குழாயை மெல்லத் திறந்து, தெளியும்வரை வாளியில் பிடியுங்கள், தரை கழுவ ஆகும். மெல்லத் திறப்பது முக்கியம், காற்றுக்குப் பின்னால் வரும் தண்ணீர் பலமாக அடிக்கும்.

ஊருக்குப் போகும்போது என்ன செய்ய வேண்டும்?

மெயினை மூடிவிட்டு, உள்ளே ஒரு குழாயைத் திறந்து மிச்ச அழுத்தத்தை இறக்கிவிட்டு, மறுபடி மூடுங்கள். ஹீட்டர் சுவிட்சும் அணைந்திருக்க வேண்டும். தினமும் கவனிக்க வேண்டியது கழிவறையில் கையால் பிடித்துக் கழுவும் ஸ்பிரே. பலர் அதன் விசையை மட்டும் விட்டுவிட்டுப் போகிறார்கள், ஆங்கிள் வால்வை மூடுவதில்லை. அந்த மெல்லிய குழாய் இருபத்து நாலு மணி நேரமும் முழு அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டு கிடக்கிறது, வெடித்தால் கீழ் வீட்டுக் கூரை நனையும்.

வால்வுகளை எத்தனை நாளைக்கு ஒருமுறை திருகிப் பார்க்க வேண்டும்?

ஆறு மாதத்துக்கு ஒருமுறை. நான் சித்திரைப் பிறப்புக்கு முந்திய வாரமும் தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்யும்போதும் செய்கிறேன், தேதி மறக்காது. மெயினில் தொடங்கி ஒவ்வொன்றாக முழுசாக மூடி, முழுசாகத் திறக்க வேண்டும். தண்டுக்கு அடியில் ஈரம் தெரிந்தால் அங்கே உள்ள நட்டை அரைக்கால் சுற்று இறுக்கினால் போதும், அதற்கு மேல் இறுக்கினால் அடுத்த முறை திருக முடியாது. கடைசியில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரின் முன்னால் ஐந்து நிமிடம் நில்லுங்கள். சக்கரம் நகர்ந்தால் எங்கோ கசிகிறது, முதலில் கழிவறைத் தொட்டியைத் திறந்து பாருங்கள்.